நன்றிப் பக்கம்

எங்கள் ஊர்க்காரர்களை உட்கார வைத்து, “மனசுல நினைக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க” என்று கேட்கிற வேலையைக் கண்டுபிடித்தவர் கண்டிப்பாக ஃபின்லாந்துக்காரராக இருக்க முடியாது. பத்தொன்பது வருடமாக நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன். புதிதாக ஒரு இணையதளம் வந்தால், அதைப் பார்த்தே இராத பத்துப் பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு காரியம் கொடுப்போம். அவர்களுடைய திரையில் நடப்பதைப் பக்கத்து அறையில் இருந்து பார்த்துக் குறிப்பெடுப்பேன். எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை அலுத்துக்கொண்டார்கள். மூன்றாவது கட்டம் எப்போதும் காலி. எங்கள் தம்பெரே ஊர்க்காரர்கள் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் “நல்லா இருக்கு” என்பார்கள். ஏழுக்கு ஏழு மதிப்பெண்ணும் போட்டுவிட்டுப் போவார்கள்.

நடுவில் உதவக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. எதிரில் இருப்பவர் கதவைத் தேடிக்கொண்டு சுவரைத் தட்டினாலும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நல்ல மனசு உள்ளவர்களுக்கு இந்த வேலை ஆகாது என்று என் கணவர் சொல்வார். எனக்கு ஆகிவந்தது.

அந்தப் பிப்ரவரி வியாழக்கிழமை காலை பத்தாவது ஆளாக வந்தவர் மைரே. அறுபத்தொரு வயது, டிராம் ஓட்டுகிறவர். பதினோரு ஊர்களுக்குச் சேர்த்து மருத்துவமனைகளை நடத்தும் வட்டார நிர்வாகத்துக்காக நாங்கள் ஒரு தளம் செய்திருந்தோம். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, மாத்திரைச் சீட்டைப் புதுப்பிப்பது எல்லாம் அதில்தான். குர்க்கிலாத்தி என்ற ஏரிக்கரை ஊரில் மட்டும் பத்து வாரமாக அதை ஓடவிட்டிருந்தோம். அங்கே நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் வந்த காரியத்தை முடித்துவிட்டார்கள், போன் அழைப்புகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டன என்று எங்கள் கணக்கு சொன்னது. மதியம் இரண்டு மணிக்கு அதை நிர்வாகத்திடம் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால் திங்கட்கிழமை முதல் பதினோரு ஊரிலும் போன் சேவை கிடையாது.

மைரேவுக்குக் கொடுத்த காரியம் சின்னது. ஐனோ என்ற கற்பனை நோயாளிக்கு ரத்த அழுத்த மாத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். மைரே மூன்றாவது சொடுக்கிலேயே சரியான பக்கத்துக்கு வந்துவிட்டார். அங்கே, உள்ளே போக வங்கியின் ரகசிய எண்களைக் கேட்டது; எங்கள் நாட்டில் ஆள் யார் என்று நிரூபிப்பது அவற்றை வைத்துத்தான். போலி எண்கள் ஒரு தாளில் அச்சிட்டு அவர் முன்னாலேயே இருந்தன. தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நாற்பது நொடி அசையவே இல்லை. பிறகு திரையில் அவருடைய சுட்டி வலது மூலைக்குப் போனது. அங்கே ஒரு மஞ்சள் குமிழ் இருக்கும். “எங்களிடம் சொல்லுங்கள்!” என்று எழுதியிருக்கும். தளம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக நான் வைத்தது.

மைரே அதைத் திறந்து, இரண்டு விரலால் தட்டினார். “ஐனோவின் ரத்த அழுத்த மாத்திரையைப் புதுப்பித்துத் தரவும். அவசரமில்லை.” ஐந்து நட்சத்திரம் போட்டார். அனுப்பினார். “நன்றி! உங்கள் செய்தி எங்களுக்குக் கிடைத்தது” என்ற பக்கம் வந்தது. என் பக்கத்தில் கணக்கெடுக்கும் நிரல் அவர் பெயருக்கு எதிரே பச்சைக் குறி போட்டது. இரண்டு நிமிடம் பத்து நொடி. வெற்றி.

மாத்திரை கேட்டு முடித்தவர்களுக்கு ஒரு நன்றிப் பக்கம் வேண்டும். குமிழில் எழுதியவர்களுக்கு ஒரு நன்றிப் பக்கம் வேண்டும். போன நவம்பரில் நேரம் போதாமல் இரண்டுக்கும் ஒரே பக்கத்தை வைத்தது நான்தான். அந்தப் பக்கத்தை எட்டியவர் எல்லாரையும் ‘முடித்தவர்’ என்று எண்ணச் சொன்னதும் நான்தான்.

உள்ளே போனேன். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருந்துச்சு. டிராமைவிடச் சுலபம். குறுக்கே ஒருத்தரும் ஓடலை,” என்றார் மைரே.

“மாத்திரை எப்ப வரும்னு நினைக்கிறீங்க?”

“அவங்கதான் கிடைச்சதுன்னு சொல்லிட்டாங்களே. வரும்.”

“வரலைன்னா?”

“என்ன இப்படிக் கேக்கறீங்க? கிடைச்சதுன்னு எழுத்துல வந்திருக்கே.” என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். ஏழுக்கு ஏழு போட்டார். வந்ததற்கு நாங்கள் கொடுக்கும் சினிமா டிக்கெட் இரண்டை வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

யார்க்கோ எங்கள் நிறுவனத்தின் முதலாளி. என்னைவிட எட்டு வயது சின்னவன். கூட்ட அறையில் படங்களை ஓட்டிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான்.

“யார்க்கோ, அந்த மஞ்சள் குமிழ்ல எழுதறதெல்லாம் எங்க போகுது?”

“ஃபீட்பேக்கா? இதோ பாரு, நாலு புள்ளி ஏழு. இந்த வருஷம் நாம செஞ்சதுலயே பெரிய ஸ்டார் இதுதான்.”

“ஸ்டாரைக் கேக்கலைப்பா. எழுதறாங்களே, அதை யார் படிக்கிறா?”

“மெஷின் படிக்குது. கோபமா எழுதினா தனியா எடுத்து வைக்கும்.”

“எத்தனை எடுத்து வச்சிருக்கு?”

“ஒண்ணுகூட இல்ல!” என்று சிரித்தான். “பத்து வாரத்துல ஒருத்தருக்கும் கோபம் வரலை. அதான் நம்ம சாதனை.”

குர்க்கிலாத்தியில் யாருக்குத்தான் கோபம் வரும்? வீடு தீப்பிடித்தால்கூட, சௌகரியப்படும்போது வரவும் என்று எழுதுகிற ஊர் அது. நான் என் மேஜைக்குப் போய்க் குமிழ்ச் செய்திகள் சேரும் கோப்புறையைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள். ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. தடித்த எழுத்தில் வரிசையாக நின்றன.

முதல் பத்தில் நான்கு பேர் நிறம் நன்றாக இருக்கிறது என்றிருந்தார்கள். ஐந்தாவது ஆள், “இடுப்பு எக்ஸ்ரேக்கு நாள் சொன்னால் பஸ்ஸைப் பார்த்துக்கொள்வேன்” என்று எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரம். இன்னொருவர் மகளின் இன்சுலின் ஊசிகள் கேட்டிருந்தார். “இது சரியான இடம் இல்லையென்றால் மன்னிக்கவும்.” ஐந்து நட்சத்திரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றுகொண்டே படித்தேன். நேரம் பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டு இருபது. பாதிதான் தாண்டியிருந்தேன், காரியம் கேட்டு எழுதியவர்கள் மட்டும் நாற்பத்தொரு பேர். அப்போதுதான் அது வந்தது.

“வணக்கம். இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவன். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இன்னும் ஆறு இருக்கிறது, தினம் ஒன்று. வங்கி எண்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, தவறு என்னுடையது. அவசரமில்லை. உறைந்த ஏரியில் வெட்டிய பனிக்குழி இந்த வாரம் நன்றாக இருக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் நீந்தலாம்.”

தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. விரல் விட்டு எண்ணினேன், எத்தனை முறை எண்ணினாலும் ஆறு நாளாக அந்த மனிதரிடம் மாத்திரை இல்லை. என் கணவரும் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார். வால்வு வைத்தவர்கள் அதை ஒரு நாள்கூட விடக் கூடாது, ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும் என்று மாத்திரையோடு வரும் தாளிலேயே சிவப்பில் போட்டிருக்கும். செய்தியில் பெயர் இல்லை. போன் நம்பர் இல்லை. அந்தரங்கத்தைக் காப்பதற்காகக் குமிழில் பெயர் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்த புண்ணியவதியும் நானே. கணக்கில் அவருடைய வரி இருந்தது. ஆறு நிமிடம் நாற்பது நொடி, வெற்றி, பச்சை.

எனக்கு அந்த ஊரில் தெரிந்தவர் ஒரே ஒருவர், மார்கெத்தா. குர்க்கிலாத்தி சுகாதார நிலையத்தில் போன் எடுக்கும் நர்ஸ். தளம் தொடங்குவதற்கு முன்னால் அவருடைய வேலையைக் கவனிக்க ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமையோடு மூடப்போவது அவருடைய மேஜையைத்தான். அவருக்குப் போன் போட்டேன்.

“யாரு, கணக்கெடுக்க வந்த தெர்ஹியா?” என்றார். “என்னை மூட்டை கட்டறதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கேம்மா. அதுக்குள்ள என்ன அவசரம்?”

“மார்கெத்தா, ஒண்ணு படிக்கிறேன். யாருன்னு சொல்ல முடியுமா பாருங்க.” படித்தேன்.

“பனிக்குழியா? அது தைஸ்தோ. தப்பு என்னுதுன்னு எழுதற ஆளு இந்த ஊர்ல இருநூறு பேர் இருக்கான். பனிக்குழியைத் தோண்டி வைக்கிறவன் ஒருத்தன்தான். எப்ப எழுதினான்?”

“பன்னெண்டு நாள் ஆச்சு.”

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “எப்பவும் எனக்குத்தான் போன் பண்ணுவான். ஏன் பண்ணலைன்னு நான் கேட்டேன். எல்லாரும் கம்ப்யூட்டர்ல சுகமா இருக்காங்க, அதான் பண்ணலைன்னு உங்க ஆளுங்கதானே சொன்னாங்க?”

ஆமாம், நாங்கள்தான் சொன்னோம்.

ஐந்து நிமிடத்தில் அவரே திரும்ப அழைத்தார். “மூணு தடவை அடிச்சுட்டேன், எடுக்கலை. பனிச்சறுக்கு லீவுக்கு எல்லாரும் போயாச்சு, அக்கம்பக்கம் ஒரு பய இல்ல. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, அது வர நேரம் ஆகும். நானே போறேன். பதினாலு கிலோமீட்டர், ரோடு உறைஞ்சு கண்ணாடி மாதிரி வழுக்குது. நீ போனைக் கையிலயே வச்சுக்க.”

யார்க்கோவிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவன் வாயிலிருந்து முதலில் வந்தது வேறு. “சரி, மீட்டிங் முடியட்டும். எண்பத்தெட்டை எண்பத்தஞ்சா மாத்திக்கலாம். எண்பதுக்கு மேல இருந்தாப் போதும்.” அவனை அறையலாம் போல இருந்தது. பிறகு நினைத்தேன், இப்படிப் பேச இவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. முதலாளி ஆவதற்கு முன்னால், அவன் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனிதர்களை எண்ணாதே, வரிகளை எண்ணு, இல்லாவிட்டால் தூங்க மாட்டாய் என்று சொன்னது நான்.

இரண்டு மணிக்கு நிர்வாகத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தலைமை, அன்னுக்கா வெஸ்தரினென். ஐம்பது வயதிருக்கும், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். காபி, கிரீம் பன். பிப்ரவரியில் எங்கள் நாட்டில் எந்தக் கூட்டமும் ஒரு சண்டையில்தான் தொடங்கும், பன்னுக்குள் பாதாம் விழுதா, ராஸ்பெரி ஜாமா என்று. அன்றும் தொடங்கியது. ஜாம் கட்சிக்காரர்களுக்கு வளர்ப்பு சரியில்லை என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. போன் மேஜைமேல் திரை தெரியக் கிடந்தது. ஒன்றரை மணி நேரமாக அது அடிக்கவில்லை.

யார்க்கோ ஆரம்பித்தான். முதல் படம், எண்பத்தெட்டு. இரண்டாவது, நாலு புள்ளி ஏழு. மூன்றாவது, போன் அழைப்பின் கோடு சறுக்குப் பாதை மாதிரி கீழே இறங்கியது. நிர்வாகத்தினர் குறித்துக்கொண்டார்கள். என் கால் மேஜைக்கடியில் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்தவர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“சோதனையைப் பத்தித் தெர்ஹி சொல்லுவாங்க,” என்றான் யார்க்கோ. அவன் கண் கெஞ்சியது.

எழுந்தேன். “அந்த எண்பத்தெட்டு தப்பு,” என்றேன். “முடிச்சவங்களும் முடிக்க முடியாம உதவி கேட்டவங்களும் ஒரே பக்கத்துலதான் போய் நிக்கிறாங்க. நாங்க ரெண்டு பேரையும் சேர்த்து எண்ணிட்டோம். உதவி கேட்டதை யாரும் படிக்கலை. பாதி படிச்சதுலயே நாப்பத்தொரு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் பெயர் இல்ல. அதுல ஒருத்தரைத் தேடித்தான் அந்த ஊர் நர்ஸ் மார்கெத்தா இப்பப் போயிருக்காங்க.”

பாதாமும் ஜாமும் அத்தோடு முடிந்தன.

“இதைப் பத்து வாரம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சீங்களா?” என்று கேட்டார் அன்னுக்கா.

“ஆமா. இன்னிக்குக் காலையில.”

“இதை வச்சது யாரு?”

“நான்.”

“அது ஒரு தொழில்நுட்பக் குறைதான்,” என்று யார்க்கோ குறுக்கே விழுந்தான். “அந்த வரிகளை எடுத்துட்டா…”

போன் அடித்தது. அவசரத்தில் தவறிப்போய் ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டேன். மார்கெத்தாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “இருக்கான், உயிரோட இருக்கான். இருந்த ஆறு மாத்திரையையும் கத்தியால பாதி பாதியா நறுக்கி ஓட்டியிருக்கான். நேத்து கடைசிப் பாதி. காலையில இருந்து இடது கை தூக்க வரலை, வாய் ஒரு பக்கம் கோணுது. ராத்திரி கைமேல படுத்துட்டேன்கறான். ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது, ஏற மாட்டேங்கறான்.”

“ஏன்?”

“ஏன்னா உங்களுக்கு எழுதிட்டானாம். கிடைச்சதுன்னு பதில் வந்தாச்சாம். நடுவுல இப்படிப் போய் நின்னா வரிசையில குறுக்கே போன மாதிரி ஆயிடுமாம். நான் சொல்லிப் பார்த்துட்டேன், இவங்க தூக்கவும் பார்த்துட்டாங்க, கதவைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறான். நன்றி சொன்னது நீங்கதானே? நீயே சொல்லு.”

மூச்சுச் சத்தம் மாறியது. போன் கைமாறியிருந்தது.

“வணக்கம்,” என்றது ஒரு ஆண் குரல். சொற்கள் ஈரத் துணியில் சுற்றியது போல வந்தன. “தொந்தரவுக்கு மன்னிக்கணும். என் சீட்டு எந்த நிலைமையில இருக்குன்னு… தெரிஞ்சாப் போதும்.”

அறையில் ஆறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லி ஏற்றிவிட முடியும். தயாராகிவிட்டது, ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி போதும். நாக்கு நுனி வரை வந்தது. பன்னிரண்டு நாளாக அவருக்குச் சொன்ன பொய் போதாதா என்று தோன்றியது.

“தைஸ்தோ, நான் தெர்ஹி. அந்த நன்றியை எழுதி வச்சது நான். நீங்க எழுதினதை யாரும் படிக்கலை. அது படிக்கிறதுக்குன்னு வச்ச பெட்டியே இல்ல. எத்தனை பேர் எழுதறாங்கன்னு எண்ண வச்சது. இன்னிக்கு மதியம்தான் நான் படிச்சேன். நீங்க எந்த வரிசையிலயும் இல்ல. தயவு செஞ்சு ஏறுங்க.”

அவருடைய மூச்சும், பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சரை நகர்த்துவதும் கேட்டன.

“யாருமே படிக்கலையா?” என்றார் கடைசியில். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “நான் தினம் காலையில போன்கிட்டவே உக்காந்திருந்தேன். நீங்க கூப்பிடற நேரத்துல நான் குழிக்குப் போயிட்டா நல்லா இருக்காதேன்னு… இந்த ரெண்டு வாரமா குழிக்கே போகலை. உறைஞ்சு மூடிக்கிச்சு.”

மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட இப்போது நினைவில்லை. “சரி, அப்ப ஏறிக்கிறேன்,” என்றார் அவர். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த இடது கை முழுதாகச் சரியாகவில்லை என்று ஏப்ரலில் மார்கெத்தா சொன்னார்.

யார்க்கோ திரையை அணைத்தான். அன்னுக்கா தன் முன்னால் இருந்த தட்டையும் குறிப்பேட்டையும் ஒதுக்கி வைத்தார். போனைத் தன் பக்கம் இழுத்து, “மார்கெத்தா, நான் அன்னுக்கா. இன்னும் நாப்பது பேர் இருக்காங்க, பெயர் இல்லாம. படிச்சா உங்களால சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

“முயற்சி பண்றேன்,” என்றார் மார்கெத்தா. “சீக்கிரம் படிங்க.”

மடிக்கணினியைத் திறந்து எக்ஸ்ரேக்காரரைப் படித்தேன். “ஹில்க்கா, பஸ் ஸ்டாண்ட் எதிர் வீடு,” என்று உடனே பதில் வந்தது. யார்க்கோ நம்பரைத் தேடி அழைக்க ஆரம்பித்தான். இன்சுலின் ஊசி கேட்டவரையும் மார்கெத்தா சொன்னார்; அன்னுக்கா தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மூன்று, நான்கு, ஐந்து. எழுதிய விதத்தை வைத்தே மார்கெத்தா ஆளைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பதினோராவது செய்தி ஒன்பது வாரத்துக்கு முந்தையது. “எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று யாராவது போன் செய்து சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டில்தான் இருக்கிறேன்” என்று மட்டும் இருந்தது.

“இன்னொரு தடவை படி,” என்றார் மார்கெத்தா.

படித்தேன்.

“தெரியலையே,” என்றார். “இது யாருன்னு எனக்குத் தெரியலையே.”